மூன்று மணிச் சங்கு

"...சொல்லத்தான் செஞ்சா. அங்கன கரையில வச்சே எங்கிட்டச் சொன்னா. நான்தான் காதுல வாங்கிக்கிடல" என்றார் மாமா.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடியிருந்த சனம் மொத்தமும் என்னைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். மாமா என் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அன்றிலிருந்து அவருக்குச் 'செவிட்டு நீர்பாய்ச்சி' என்று பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அவர் பின்னால் போய்க் கையைத் தட்டிப் பார்ப்பார்கள், திரும்புகிறாரா என்று. திரும்ப மாட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், சுற்றுவட்டாரத்தில் அவரைப் போலக் காது கூர்மையான ஆள் கிடையாது. கரைக்குள்ளே நண்டு வளை தோண்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் மடையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த வயலில் வரப்பு உடைந்திருக்கிறது என்று அவர் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் அந்தக் கூட்டத்தில் எதற்காக அப்படிச் சொன்னார் என்பதைக் கண்மாயிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையை ஒட்டினாற்போல் இருந்தது. வடக்கே பார்த்தால் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். தெற்கே காதைக் கொடுத்தால் ஆலைச் சங்கு கேட்கும். "நமக்குக் கண்ணு வில்லிபுத்தூர்ல, காது ராசபாளையத்துல" என்று அப்பா சொல்வார். அப்பா அந்த நூற்பாலையில், ரிங் பிரேம் எந்திரத்தில் ஒரு பக்கத்து நூலைப் பார்த்துக்கொள்கிற சைடு வேலையில் இருந்தார்.

காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று என்று ஷிப்டு மாறும்போதெல்லாம் சங்கு ஊதும். ஊரில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர்களை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். அவர்களும் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருத்திக்கொண்டார்கள். 'மணி என்ன?' என்று யாரும் கேட்பதில்லை, 'சங்கு ஊதிருச்சா?' என்றுதான் கேட்பார்கள். பிள்ளை பிறந்தது ஏழு மணிச் சங்குக்கு, சண்டை மூண்டது மூணு மணிச் சங்குக்கு என்று ஊர்க்கதை முழுவதும் சங்கில்தான் ஓடியது. கீழத்தெருவில் ஒரு அத்தை, காற்று மாறி அடித்துச் சங்குச் சத்தம் கேட்காத நாளில் உலை வைக்கவே யோசிப்பாள். "நேரந் தெரியாம பொங்குனா சோறு வேகுமாட்டி?" என்பாள்.

அந்தச் சங்கை யாரோ ஊதுகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பொழுது விடிவதைப் போல அதுவும் தானாக நடக்கிற காரியம் என்றே நினைத்திருந்தேன்.

ஊருக்கு மேற்கே மலையடியில் கண்மாய். அதன் கரைக்குக் கீழே, சாயங்காலம் கரையின் நிழல் விழுகிற தூரத்தில், கீழத்தெரு. கரையின் வடகோடியில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து ஓடைக்குப் போவதற்காகக் கட்டிய கல்தளம் அது. அதன் மேல் பல்வரிசை மாதிரி குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில், கதிர் முற்றும்வரை தண்ணீர் வேண்டுமே என்று, அந்தக் கற்களின் இடுக்குகளில் வைக்கோலும் கருவேலங்கிளையும் மண் நிரப்பிய சாக்குமாகத் திணித்து இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். அதற்கு 'மேல்முழம்' என்று பெயர். பெருமழை வந்தால் சாக்கை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் குடியிருந்த காலனி. சாக்கை எடுத்தால் ஓடையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரும். காலனிச் சனம் தார்ச்சாலைக்கு வருகிற தரைப்பாலம் முங்கிப்போகும். அதனால் அவர்களிடம் சொல்லாமல் சாக்கில் கைவைப்பதில்லை என்று பேச்சு. ஒரு வருடம் சொல்லாமல் எடுத்து, ஓடையில் நின்ற ஆடுகள் அடித்துக்கொண்டு போய், இரண்டு பக்கமும் கம்பெடுத்து நின்ற பிறகு உண்டான ஒப்பந்தம். மாமாவே நேரில் போய்ச் சொல்வார். அவர்களும் ஆடு மாட்டை மேட்டில் கட்டிவிட்டு, "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்பார்கள்.

அந்த வருடம் ஐப்பசியோடு மழை ஓய்ந்த மாதிரி இருந்தது. இனி பெய்யாது என்று ஊர் கூடிப் பேசிச் சாக்கை அடுக்கிவிட்டது. கார்த்திகையில் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக மலையும் தெரியவில்லை, கோபுரமும் தெரியவில்லை. மழையின் இரைச்சலில் பக்கத்து வீட்டுச் சண்டைகூடக் கேட்கவில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விடுமுறை. காலை ஷிப்டுக்குப் போன அப்பா மூன்று மணிச் சங்குக்குப் பிறகுதான் வர வேண்டும். அன்று நாங்கள் மத்தியானச் சோற்றில் கைவைத்தபோதே சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார்.

"மில்லு நின்னுட்டு. ரோட்டுல கம்பஞ் சாஞ்சு கரண்டே கெடையாது. பஸ்ஸும் இல்ல, நடந்தே வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லித் தலையைத் துவட்டியவர், என் பக்கம் திரும்பி, "கண்மாய்ப் பக்கம் கால வச்ச, கால ஒடிச்சுருவேன்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஈர விறகோடு மல்லுக்கட்டிய அம்மாவின் கண் முழுவதும் புகை. நான் நழுவினேன்.

நழுவாமல் எப்படி இருக்க முடியும்? கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் போவதைப் பார்ப்பது எங்கள் ஊரில் பொங்கலுக்கு அடுத்த பண்டிகை. குடை இருக்கிறவர்கள் குடையோடும், இல்லாதவர்கள் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டும் போய் நிற்பார்கள். வழியில் கீழத்தெருவில் என் சேக்காளியைக் கூப்பிட்டேன். அவளும் நானும் ஒரே பெஞ்சு. அவள் அம்மா பூக்கட்டுகிறவள். விடியற்காலையில் பூக்கூடையோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கோயில் வாசலில் விற்றுவிட்டுச் சாயங்காலம் வருவாள். நாங்கள் பூக்கார அக்கா என்போம்.

"அய்யாவுக்குக் காச்சலு. நான் வரல. மீனு துள்ளுச்சுன்னா எனக்கு வந்து சொல்லு" என்றாள் சேக்காளி. சொல்கிறேன் என்றேன்.

கலுங்கில் இருபது முப்பது பேர் நின்றார்கள். தண்ணீர் சாக்குகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணிக்குள்ளிருந்து என்னைக் கண்டுகொண்டார்.

"ஏட்டி, யாருகூட வந்த? அப்பா வந்துட்டாரா?"

வந்துவிட்டார் என்றால் அடுத்த கேள்வி, 'அவரு ஒன்னய விட்டாரா?' என்பதாக இருக்கும். அதற்கு அடுத்தது காதைத் திருகி வீட்டுக்கு அனுப்புவது. ஒன்பது வயதில் இந்தக் கணக்கெல்லாம் நொடியில் ஓடிவிடும்.

"இல்ல மாமா, அப்பா மில்லுல இருக்காவ. அம்மாதான் பாத்துட்டு வரச் சொன்னாவ."

"நெசமா?"

"ஆண்டாள் சத்தியமா."

ஆண்டாளை இழுத்தபோது வடக்கே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மழையில் கோபுரம் தெரியாதது தைரியமாக இருந்தது.

சாக்கை எடுப்பதற்கு மாமா முண்டாசை இறுக்கிக்கொண்டிருந்தார். காலையிலேயே காலனியில் சொல்லியாயிற்று. அந்த நேரத்தில்தான் காலனியிலிருந்து உபதேசியார் ஓடிவந்தார். அவர்கள் கோயிலில் சனங்களுக்கு ஜெபம் நடத்துகிறவர். குடை மேல்பக்கமாக மடங்கிப்போயிருந்தது. அதைப் பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

"அண்ணாச்சி, செத்தப் பொறுங்க, செத்தப் பொறுங்க. ஒரு புள்ளைக்கு வலி கண்டுருச்சு. தலைப்பிரசவம். குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. வண்டி கட்டி வில்லிபுத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும். பாலத்தத் தாண்டிட்டோம்னா பொறவு நீங்க எடுத்துக்கிடலாம்."

"எம்புட்டு நேரம் வேணும்?"

உபதேசியார் கைக்கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தார். "ரெண்டு ஆகுது. ஒரு மணி நேரம் குடுத்தியன்னா போதும்."

கலுங்கில் சலசலப்பு எழுந்தது. ஒரு இளவட்டம் முன்னால் வந்து, "கரை வேக்குது பாத்தியளா? இப்பப் போயி ஒரு மணி நேரமா?" என்றான். கரையின் வெளிச்சரிவில் பொட்டுப் பொட்டாக நீர் கசிந்து, மனுசனுக்கு வேர்த்த மாதிரி நிற்பதைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். தெற்கே, பழைய மடைக்குப் பக்கத்தில் அது ஆரம்பித்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் கீழத்தெரு.

மாமா அங்கே நடந்து போய்ச் சரிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து காதை வைத்தார். இரண்டு உயிரை ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுச் சாக்கைத் தூக்க அவருக்கு மனது வரவில்லை என்பது அவர் திரும்பி நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது.

"தாங்கும். மூணு மணிச் சங்கு வரைக்கும் தாங்கும். சங்கு ஊதுனதும் அம்புட்டுச் சாக்கையும் எடுத்துருவோம். அதுக்கு முந்தி எவனும் கை வைக்கப்படாது."

"இந்த மழையில சங்கு காதுல விழுமா?" என்று யாரோ கேட்டார்.

மாமா என் தலையில் கைவைத்துச் சிரித்தார். "எங்க மாப்ள மில்லுலதான இருக்காரு. நமக்குக் கேக்காம ஊத விட்டுருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உபதேசியார் ஓடினார். கூட்டத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். அது அவரோடு போய்விட்டது.

காத்திருப்பதில் முதல் பாதி சுகமாகவே இருந்தது. யாரோ அவித்த கடலை கொண்டுவந்திருந்தார். கெளுத்தி ஒன்று சாக்குக்கு மேலே துள்ளி விழுந்தது. சேக்காளியிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் முடிந்துகொண்டேன். வானம் எந்த நேரமும் ஒரே சாம்பல் நிறம். அண்ணாந்து பார்த்தால் மணி ஒன்றா ஐந்தா என்று தெரியாது. பிறகு பேச்சுக் குறைந்தது. தண்ணீர் சாக்குக்கு மேலே இரண்டு விரல் ஏறியது. பழைய மடைப் பக்கம் போய்வந்த ஒருவர், வேர்வை ஓட ஆரம்பித்துவிட்டது என்றார்.

"இன்னுமா மூணு ஆகல?"

"ஆகியிருந்தா ஊதியிருப்பான்லா?"

"இன்னைக்கு மூணு மணியும் பஸ் இல்லாம நடந்து வருது போல."

இரண்டொருவர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் இல்லாமல் நடந்து வந்தது எங்கள் அப்பா. அவர் அப்போது போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இளவட்டத்தின் கையைத் தொட்டு, "சங்கு எப்படிண்ணே ஊதும்?" என்று கேட்டேன்.

"அது கரண்டுல ஊதுறது. மோட்டாரு மாதிரி" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

கம்பஞ் சாஞ்சு கரண்டே கெடையாது.

அவித்த கடலையை வாயிலிருந்து கையில் துப்பிக்கொண்டேன். மாமா பத்தடி தள்ளி நின்றார். கொங்காணியை விலக்கி, இடது காதைத் தெற்கே கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். 'அப்பா மில்லுல இல்லையா? அப்பொறம் எதுக்குட்டி சத்தியம் பண்ணுன?' முப்பது பேர் முன்னால். அப்பா காலை ஒடிப்பார். ஆண்டாள் தனியாக ஏதாவது செய்வாள். கரை உடையும், ஆட்கள் சாவார்கள் என்பது மட்டும் என் கணக்கில் வரவே இல்லை. பெரியவர்கள் முப்பது பேர் நிற்கும்போது கரை எப்படி உடையும்?

ஆனாலும் போனேன். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கிட்டே போய், "மாமா" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. விரலை உதட்டில் வைத்தார். "ஸ்ஸ்... பேசாத தாயி. சங்கு கேக்கணும்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மாமாவே பேசாதே என்றுவிட்டார். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும். நான் நல்ல பிள்ளையாகப் பின்னால் நகர்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்கும் தெரியாது, அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. இராஜபாளையம் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கரையேறி வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான்; பேண்டேஜ் துணி போடுகிற தறியில் வேலை.

"என்ன எல்லாரும் சும்மா நிக்கிய? சாக்க எடுக்கலையா?"

"மூணு மணிச் சங்கு ஊதட்டும்னு..."

"சங்கா? மில்லு மத்தியானமே நின்னுட்டுல்லா! மணி நாலு தாண்டிட்டுய்யா!"

மாமா கண்ணைத் திறந்தார். அவர் சைக்கிள்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரே பார்வைதான், கோபம்கூட இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. அடுத்த நொடி கலுங்குக்குள் குதித்துவிட்டார். கூடவே ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். முதல் சாக்கு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது தெற்கே ஒரு சத்தம் கேட்டது. இடி மாதிரி இருந்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பெரிய மாடு ஒன்று படுக்கப்போகும்போது விடுகிற மூச்சு மாதிரிதான் இருந்தது. பழைய மடையை ஒட்டிக் கரை உட்கார்ந்தது. கண்மாய் எழுந்து கீழத்தெருவுக்குள் நடந்து போயிற்று.

யாரோ ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினார். அவர் தோளுக்கு மேலே நான் பார்த்துக்கொண்டே போனேன். கூரைகள் முதலில் திரும்பின, பிறகு நகர்ந்தன. ஒரு கட்டிலின் மேல் கோழி ஒன்று நின்றபடியே போயிற்று. உலை வைக்க யோசிக்கிற அத்தையின் வீட்டை அடையாளம் பார்த்துத் தேடினேன். அடையாளமாக இருந்த முருங்கைமரமும் இல்லை.

பள்ளிக்கூட மேட்டில் அப்பா என்னைக் கண்டார். ஓடிவந்தவர் எனக்கு முன்னாலேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். காலை ஒடிப்பார் என்று காலை மடக்கிக்கொண்டேன். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்.

தப்பாமல் போன கீழத்தெருக்காரர்கள் பலர் மத்தியானத் தூக்கத்திலும் அடுப்படியிலும் இருந்தவர்கள். சேக்காளியையும் அவள் அய்யாவையும் மூன்றாம் நாள் நெல் வயலில் எடுத்தார்கள். பூக்கார அக்கா அன்று இருட்டுகிற நேரத்துக்கு வெறும் கூடையோடு நடந்தே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். தெரு இருந்த இடத்தைப் பார்த்தாள். அழவில்லை. ஊரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அந்தப் பத்து நாளும் ஒரு சுவரோரமாக உட்கார்ந்து, பூ இல்லாமல் வெறும் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கெளுத்தி துள்ளியதை நான் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே பயம், மாமா சொல்லிவிடுவாரோ என்று. அவர் வந்தால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அவர் என் பக்கம் வரவே இல்லை. பத்து நாளும் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சகதியைத் தோண்டுகிற கூட்டத்தில் நின்றார். தூக்கிக்கொண்டு போகிற கூட்டத்தில் நின்றார். கஞ்சியைக்கூட நின்றுகொண்டே குடித்தார். பிற்பாடு சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். யார்மேல் தவறு என்று பேச வேண்டியிருந்தது. பேசாமல் அந்தச் சனத்தால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. காலனியிலிருந்து உபதேசியாரும் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்துவிட்டன. அதைச் சொல்ல வந்தவர் சொல்ல முடியாமல் நின்றார். "நாங்க அரைமணியிலயே பாலத்தத் தாண்டிட்டோம். ஒரு ஆளைத் திருப்பி அனுப்பிச் சொல்லியிருக்கலாம். தோணல அண்ணாச்சி, தோணல" என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"ஆலை நின்னது இந்த ஊருல ஒருத்தனுக்குக்கூடவா தெரியாது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏன் தெரியாது? இவரு மத்தியானமே வந்துட்டாரே" என்று இன்னொருவர் அப்பாவைக் காட்டினார்.

அப்பா எழுந்தார். "நீங்க சங்குக்குக் காத்துக் கெடக்கியன்னு நான் கண்டனா? நனஞ்சு வந்தேன், படுத்துட்டேன். தெரிஞ்சிருந்தா ஓடி வந்துருக்க மாட்டனா?"

"சரி, நீரு காணல. ஒம்ம மக அங்கனதான நின்னா? அப்பன் வீட்டுல கெடக்கது மகளுக்குத் தெரியாதா?"

சுவரோரம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. பூக்கார அக்கா எழுந்தாள். குனிந்து, காய்ந்துகொண்டிருந்த வண்டலில் ஒரு பிடி மண்ணை அள்ளினாள். வயிறெரிந்து மண்ணள்ளித் தூற்றினால் அந்தக் குடும்பம் துளிர்க்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற காரியம். நம்பாதவர்களும் அந்தக் கைக்கு முன்னால் நிற்க மாட்டார்கள். அவள் மடக்கிய கையோடு எங்களைப் பார்த்து வந்தாள். அம்மா என்னைத் தன் பின்னால் தள்ளினாள். அம்மாவின் உடம்பு நடுங்குவது முந்தானை வழியாக என் பல்லில் தெரிந்தது.

"ஏட்டி" என்றாள் அக்கா. பத்து நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. "ஒனக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் சொல்லாமத்தான நின்ன?"

அப்போதுதான் மாமா கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து அதைச் சொன்னார். நான் சொன்னேன் என்றார். கரையில் வைத்தே சொன்னேன் என்றார். தான்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொன்னேல்லா தாயி?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

மாமாவுக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். நான் கூப்பிட்ட அந்த ஒரு 'மாமா'வை நினைவு வைத்திருக்கிறார், அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும், அதற்கு முன்னால் ஆண்டாள்மேல் சத்தியம் செய்ததையும் மறந்துவிட்டார். அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டத்தை நான் வெகுகாலம் அனுபவித்தேன். மாமா அதன் பிறகு மண்வெட்டியைத் தொடவில்லை. கண்மாய்ப் பக்கமும் போகவில்லை. இராஜபாளையத்தில், வெளுத்த பேண்டேஜ் துணியை வெயிலில் விரித்துக் காயப்போடுகிற ஒரு இடத்தில் வேலைக்குப் போனார். சங்கு ஊதும்போதெல்லாம் கையிலிருக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு, அது ஓய்ந்த பிறகுதான் எடுப்பாராம். பிள்ளைகள் அவரைச் செவிட்டு மாமா என்று கூப்பிட்டபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரு பொய்யைத் தெரிந்தே தன் தலையில் வாங்கிக்கொள்கிற ஆள் இருப்பார் என்பது, எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது என் முகத்தைப் பார்த்து முதல் பொய்யைச் சொல்லி, நான் தெரியாத மாதிரி இருந்த அன்றுதான் எட்டியது. அதற்குள் மாமா போய்விட்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு, வேப்பமரத்தடியில், நான் தலையாட்டி முடித்ததும் அக்கா அந்த மடக்கிய கையோடு மாமாவின் பக்கம் திரும்பினாள். அம்மா, "அண்ணே!" என்று கத்தினாள். பத்து நாளாக நின்றுகொண்டே இருந்த மாமா, தலை முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கூட்டத்தின் நடுவே நடந்து போய், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நிற்க முடியாமல் கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்து, பிடரியைக் காட்டிக்கொண்டு, அவள் கை திறப்பதற்காகக் காத்திருந்தார்.